அப்பா நன்றாகத் தூங்குகிறார்

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவளும் நலம். எனக்கு முதுகுவலி, இவளுக்கு என்னால் தலைவலி, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அப்பா எப்படி இருக்கிறார்?

போன் மணி அடித்ததும் டெப்போவில் ஏதோ விபத்து என்று எழுந்து ஓடி, நடையில் விழுந்து அவர் நெற்றியைக் கிழித்துக்கொண்ட நாளிலிருந்து நமக்குக் கடிதம்தான் என்று ஆகிவிட்டது. முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர், பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்டு மணிச்சத்தத்தை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார். நீ போன் ஒயரைப் பிடுங்கியதும் செல்லை அணைத்துப் பீரோவில் வைத்ததும் சரிதான். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. சின்ன வயதில் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தாயே, இந்த ரேடியோவை நீ நடுவில் நிறுத்த முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடியும் மாணவன். சமூகப்பணிப் பட்டப்படிப்பு, இரண்டு வருஷம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக. சிரிக்காதே. பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரிப் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து "பேரு? வயசு? என்ன பண்ணுது?" என்று கேட்கிறேன். பதில் வந்து முடிவதற்குள் "அடுத்து" என்கிறேன். எதிர் அறையில் சமூகப்பணியாளர் ஒரே ஆளிடம் முக்கால் மணி நேரம் பேசுகிறார். அவருடைய நாற்காலியில் மெத்தைகூட உண்டு. அந்த மெத்தை மேல் எனக்குக் கண் என்பது உண்மை. ஆனால் போன மாதம் ஒரு பெரியவர் பெயரைச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் பேசலாமா தம்பி?" என்றார். பின்னால் நாற்பது பேர் வரிசை. "அடுத்து" என்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

முதல் வகுப்பு முடிந்தது. திரையில் முப்பத்திரண்டு பேர், முப்பத்திரண்டு சதுரம். பேராசிரியை, 'காது கொடுத்துக் கேட்பது எப்படி' என்று பத்து நிமிடம் நடத்தினார். அவருடைய மைக் அணைந்திருந்தது. நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். பதினோராவது நிமிடம் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர், ஏட்டையா என்று அழைக்கிறோம், கையைத் தூக்கி, "மேடம், சவுண்டே வரலை" என்றார். அந்த அம்மா அசரவில்லை. "பத்து நிமிஷம் ஒண்ணுமே கேக்காம தலையாட்டுனீங்க பாருங்க, அதுதான் இன்னைக்குப் பாடம்" என்றார். சமாளித்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் ரேடியோ


ஜூன் 17

ரேடியோவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடப் பையா? நல்லதுதான். பள்ளியில் உன் கட்டுரையெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். பட்டத்திலும் எனக்குப் பாதி வேண்டும்.

அப்பா கூப்பிடுகிறார். வருகிறேன்.

மறுபடியும் நான்தான். "எட்டாம் நம்பர் வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். எத்தனை நிமிடம் தாமதம் என்றார். நாலு என்றேன். ஏன் என்றார். இப்படித்தான் காலையிலிருந்து. தையல் ஆர்டர் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மிஷின் சத்தம் அவருக்கு ஆகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆகஸ்டில் பத்து நாள் வந்து அப்பாவோடு இருக்க முடியுமா? எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. முடிந்தால் மட்டும்.

மறுபடியும் கூப்பிடுகிறார். அரைப் பக்கத்துக்கு மூன்று தவணை ஆகிவிட்டது.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? கடிதம் கிடைத்தது. அரைப் பக்கம் எழுதிவிட்டுப் பட்டத்தில் பாதி கேட்கிறாய். உனக்கில்லாததா.

இங்கே நான் இவளிடம்தான் பயிற்சி எடுக்கிறேன். எதிராளியின் உணர்ச்சியை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடம். நேற்று முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "நீ கோபமா இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது" என்றேன். "தோணுதா? கேஸ் தீர்ந்து ரெண்டு நாளாச்சுன்னு நாலு தடவ சொல்லிட்டேன், இப்பத்தான் உனக்குத் தோணுதா?" என்றாள். பாடப்புத்தகத்தில் இதற்கு மேல் எழுதவில்லை.

வகுப்பில் ஏட்டையா ஆலோசகராக நடித்தார். எதிரே ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர், மனைவியை இழந்தவராக. ஏட்டையா சதுரத்துக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, "உண்மையச் சொல்லிடு, உனக்குத்தான் நல்லது" என்றார். டிரைவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார். பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. குடும்பத்துக்குள் நாமும் இப்படித்தான் விசாரணை நடத்துகிறோம், குரல் மட்டும்தான் மெல்லியது என்றார்.

ஆகஸ்ட் பற்றிக் கேட்டிருந்தாய். அக்கா, ஆகஸ்ட்தான் ரொம்பக் கஷ்டம். களப்பணி நூற்றிருபது மணி நேரம், ஒரு மணி குறைந்தாலும் ஒரு வருஷம் போச்சு. செப்டம்பர் இருபத்தாறு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. நவம்பரில் பரீட்சை முடிந்த அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். சின்ன வேலை என்றுதானே சொன்னாய்?

ஒரு பாடம் உனக்காகவே படித்தேன். பிறரைப் பராமரிப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் தங்களுக்கென்று ஒதுக்க வேண்டுமாம். ஒதுக்கு. மறக்காதே.

ரேடியோ


ஜூலை 19

தம்பிக்கு,

ஆசிகள். உன் முதுகுவலி குறைந்ததா? எங்களுக்குக் குறை இல்லை.

பரவாயில்லை. தேதி போனால் போகட்டும், வேறு தேதி வாங்கிக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அப்பா டெப்போவுக்குக் கிளம்பிவிட்டார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர்தான் நாற்சந்தியில் பார்த்துக் கூட்டி வந்தார். நடுச்சாலையில் நின்று வண்டிகளை நிறுத்தி நேரம் எழுதிக்கொண்டிருந்தாராம். கையில் பேனா இல்லை, விரலால் உள்ளங்கையில். லாரிக்காரன் திட்டியதற்கு, "உன் நம்பரக் குறிச்சுக்கிட்டேன்" என்றாராம். டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன் பாடத்தில் இது இருக்கிறதா என்று பார். ஒருவரை அறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போடலாமா? எவ்வளவு நேரம் வரை போடலாம்? சும்மாதான் கேட்கிறேன்.

அரை மணி நேரத்தை எங்கிருந்து ஒதுக்குவது என்றும் அதில் போட்டிருந்தால் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். அப்பா லாரி நம்பரைக் குறித்ததை இவளிடம் படித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டைம்கீப்பர் டைம்கீப்பர்தான்.

உன் கேள்விக்கு நாலு பக்கம் இருக்கிறது. சுருக்கிச் சொன்னால், ஒருவரின் நடமாட்டத்தைத் தடுப்பது அவருடைய உரிமையைப் பறிப்பது. அதற்கு முன்னால் மாற்று வழிகளைக் குழுவாகக் கூடி ஆலோசிக்க வேண்டும். நீயும் அப்பாவும்தான் குழு. தீர்மானத்தை அப்பா எதிர்ப்பார், அதையும் பதிவு செய்ய வேண்டும்.

விளையாட்டு இருக்கட்டும். எனக்கு நீ ஒரு பெரிய உதவி செய்ய வேண்டும். வைவாவுக்கு ஒவ்வொருவரும் ஒரு கேஸ் எழுத வேண்டும். எனக்கு வந்திருப்பது 'வீட்டில் முதியவரைப் பராமரிப்பவரின் சுமை'. வீட்டுக்குப் போய்க் கேட்டால் இங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. எல்லாரும் "சந்தோஷமாத்தான் பாத்துக்கறோம்" என்கிறார்கள். பின்கட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்கிறது, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இதோடு படிவம் வைத்திருக்கிறேன். பத்தே கேள்வி. அப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்து நிரப்பி அனுப்பு. கதை கட்டுவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. போகாத சுற்றுலாவைப் பற்றி எனக்கு நீ எழுதிக் கொடுத்த கட்டுரைக்குத்தானே முதல் பரிசு வந்தது?

தள்ளிப்போடாதே. பேராசிரியை கறார்.

ரேடியோ


ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே இப்போது நன்றாக இருக்கிறோம்.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். முதலில் வேண்டாம் என்றுதான் மடித்து வைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. என்னிடம் இவ்வளவு கேள்வி யாரும் கேட்டதில்லை, அதனால் விறுவிறுவென்று எழுத வந்தது. கற்பனைதான். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் என்று வைத்திருக்கிறேன், சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். போதாது என்றால் சொல்.

நீ சொன்ன அரை மணி நேரம் கிடைத்துவிட்டது. அரை மணி என்ன, மத்தியானம் முழுக்கக் கிடைக்கிறது. அப்பா நன்றாகத் தூங்குகிறார். சாப்பிட்டதும் படுத்தால் விளக்கு வைக்கும்வரை எழுவதில்லை. எட்டாம் நம்பரையும் அவ்வளவாகக் கேட்பதில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நேற்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டு டீச்சர் புதிதாக நீலக் கதவு போட்டிருக்கிறார். போட்டு ஐந்து மாதம் ஆகிறதாம், எனக்கு நேற்றுத்தான் கண்ணில் பட்டது.

ஜன்னல் திரைகள் நைந்து போயிருந்தன. மிச்சத் துணியில் புதிதாகத் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். மிஷின் ஓடுவது அவருக்குக் கேட்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 6

என் அருமை அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! இவள் கேட்கிறாள், ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று. உன் படிவத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். முப்பத்தொரு சதுரமும் கப்சிப். ஏட்டையா மூக்கைச் சிந்திவிட்டு, "இது வாக்குமூலம் சார்" என்றார். கற்பனை என்று நான் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

எங்கெங்கே அசத்தியிருக்கிறாய் என்று சொல்கிறேன் கேள். உடல்நிலை பற்றிய கேள்விக்கு, 'கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஆகஸ்டில் தேதி கொடுத்தார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் போகவில்லை' என்று எழுதினாய் பார், அங்கே நான், 'பராமரிப்பவர் தன்னைப் பின்னுக்குத் தள்ளுதல்' என்று ஓரத்தில் குறித்தேன். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு, 'ஒருமுறை கையை அழுத்திப் பிடித்தேன், தடம் நாலு நாள் இருந்தது, அதற்கப்புறம் கோபம் வருவதில்லை'. என்ன எழுத்து அக்கா! ஏழாவது கேள்வி, உதவிக்கு வரக்கூடிய நெருங்கிய உறவினர் யார்? 'இல்லை.' அவ்வளவுதான். ஒரே வார்த்தை. நான் சிவப்பு மையில் 'முழுத் தனிமை' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். பத்தாவது கேள்விக்கு, 'மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள்' என்று முடித்தாயே, அதுவரை 'நான்' என்று சொல்லி வந்தவள் அங்கே மட்டும் 'அவள்' ஆகிவிடுகிறாள். அதைக்கூட நான் கவனித்தேன். தன்னைத் தானே தள்ளி நின்று பார்ப்பது என்று குறிப்பு எழுதியிருக்கிறேன்.

பேராசிரியை இருபதுக்குப் பதினெட்டு போட்டார். ஆனால் படிவம் மட்டும் போதாதாம், அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு பக்கம் சேர்க்கச் சொல்கிறார். சீக்கிரம் எழுது. உன் கடிதங்களும் நீண்டுகொண்டு வருகின்றன, சந்தோஷம். அப்பா தூங்குவது எவ்வளவு நிம்மதி. நவம்பரில் வருகிறேன்.

உன் பதினெட்டு மார்க் தம்பி


செப்டம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம். இருவரும் நலமாக, ஒற்றுமையாக இருங்கள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பதினெட்டு மார்க் வந்ததைப் படித்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மார்க்கை எதற்குக் குறைத்தார்கள் என்று கேட்டாயா? நீ ஒவ்வொரு வரியையும் அவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்கிறாய். நான் நினைத்ததைவிட உன்னிப்பாக.

வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தேன். பரணில் அப்பாவின் பழைய நேரப் புத்தகங்கள் ஒரு மூட்டை கிடந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். நான் பிறந்த நாளன்று எட்டாம் நம்பர் ஆறு நிமிடம் தாமதம் என்று எழுதியிருக்கிறார். வேறு ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தை உனக்காகக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்.

தையல் மிஷினைக் கடைவீதியில் காஜா எடுக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி வேலையாக ஜன்னல் திரைகளை முடித்தேன். மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறது, கனமாகத் தொங்குகிறது. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் எதுவும் பாக்கி இல்லை. வீட்டுப் பத்திரமும் அப்பாவின் பென்ஷன் புத்தகமும் பீரோவில் மேல் தட்டில், சாவி டீச்சர் வீட்டில். உனக்குத் தேட வேண்டியிருக்காது.

அப்பா நன்றாகத் தூங்குகிறார். காலையிலும் தூங்குகிறார். எழுப்பினால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். நேற்று நெடுநாளைக்குப் பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீ சாப்ட்டியாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அதற்குள் கண்ணை மூடிவிட்டார். அவர் கேட்ட அந்த நேரத்தில் நான் மனசில் வைத்திருந்ததெல்லாம் தளர்ந்துவிட்டது. ஆனால் மறுபடியும் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை.

நவம்பரில் அவசரமாக ஓடி வர வேண்டாம். படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறாள் என்று எழுதிக்கொள். இப்போது அவளுக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

நாலு பக்கம் ஆகிவிட்டது. யாரும் என்னை நடுவில் கூப்பிடவில்லை.

அக்கா


செப்டம்பர் 26

அக்கா,

பஸ் நிலையத்திலிருந்து எழுதுகிறேன். அடுத்த பஸ் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன், ஆனாலும் எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் நாலு நாளாக என் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. வைவா முடிந்ததும் சாவகாசமாகப் படிக்கலாம் என்று வைத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன், நீ வேறு யார் மூலமும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

இன்று காலை பேராசிரியை கேஸ் பற்றிக் கேட்டார். அந்தப் பெண்ணை எத்தனை முறை பார்த்தீர்கள் என்றார். உண்மையைச் சொல்லிவிட்டேன், அக்கா கற்பனையாக எழுதியது என்று. மார்க் போகும் என்ற பயம்தான் அப்போது. அவர் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா யாரோட இருக்காங்க?" என்றார். அப்பாவோடு என்றேன். "அவங்க உங்களுக்கு எழுதுற லெட்டர் இருக்கா?" என்றார். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன், பிரிக்காததையும் அங்கேயே பிரித்தேன். அவர் என்னைப் படிக்கச் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகக் கேமராவில் காட்டச் சொல்லித் தானே பார்த்தார்.

"ஜூன்ல அரைப் பக்கம், மூணு தடவ எழுந்து போயிருக்காங்க. இப்ப நாலு பக்கம். இவ்ளோ எழுத அவங்களுக்கு நேரம் எங்கேருந்து வந்தது?" என்றார்.

அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்றேன்.

அவர் பேசவில்லை. மைக் அணைந்துவிட்டதோ என்று பார்த்தேன். அணையவில்லை. அந்த அமைதியில்தான், அக்கா, எனக்குக் கேட்டது. ஆகஸ்ட். ஆபரேஷன். தாழ்ப்பாள். ஏழாவது கேள்வியில் நான் இரண்டு கோடு போட்ட 'இல்லை'. அந்த இல்லாத உறவினன் நான்தான். என் பெயரைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

உன் செல்லுக்கு முப்பது தடவை அடித்தேன். டீச்சர் நம்பர் என்னிடம் இல்லை. பெற்ற அப்பாவின் எதிர்வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. அதனால் உங்கள் ஊர் முதியோர் நல அலுவலகத்துக்குப் பேசி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிவத்தை அனுப்பினேன். நாளைக் காலை முதல் வேலையாக வருவதாகச் சொல்கிறார்கள். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைப்பாய். ஆமாம், காட்டிக்கொடுத்துவிட்டேன். திட்டு. நான் வந்து எதிரே நின்றதும் வாய் வலிக்கும்வரை திட்டு. அதற்கு நீ இருக்க வேண்டும்.

வண்டிக்கு ஆள் ஏற்றுகிறார்கள்.

தம்பி


அக்டோபர் 10

தம்பிக்கு,

நீ நலம் என்று எனக்குத் தெரியும். முன்னறையில் பாயில் படுத்துக் குறட்டை விடுகிறாய், இங்கே சமையலறைவரை கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

பஸ் நிலையத்தில் நீ எழுதியது நீ வந்த மூன்றாம் நாள் வந்தது. நீயே வாசலில் தபால்காரரிடம் வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். படித்தேன். அப்புறமும் உன்மேல் கோபம் போகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் நல அலுவலகத்திலிருந்து வந்த பெண் அடையாள அட்டையோடு வாசலில் நின்று, உன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாளே, நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் அப்பாவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. டீச்சர் நீலக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். நான் அழவில்லை.

அவள் திட்டவில்லை. அதே பத்துக் கேள்வியைக் கேட்டாள், அதே பதிலைச் சொன்னேன். பத்தாவது கேள்விக்கு வந்ததும் பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டாள். "என்னைக்குன்னு வச்சிருந்தீங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். நாளைக்கு என்றேன். இரண்டு பேருக்கும் என்றேன். அப்பாவின் காக்கிச் சட்டை தேய்த்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு நீ வரும்வரை என் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நாலு நாளில் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூக்கத்துக்கு டாக்டர் சொன்னது அரை மாத்திரை, நான் கொடுத்து வந்தது எவ்வளவு என்று உனக்கு இப்போது தெரியும். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். தெளிந்து எழுந்தவர் ஓயாமல் கேள்வி கேட்கிறார், இரண்டு நாளாக நீதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நேற்று நூறாவது தடவை "எத்தன நிமிஷம் லேட்டு?" என்று அவர் கேட்டபோது உன் குரல் எகிறியது. உடனே வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாய். நான் பார்த்தேன். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மன்னித்துக்கொள். உன் முகத்தில் என்னைப் பார்த்தேன்.

என் ஆபரேஷனுக்கு இருபதாம் தேதி சொல்லியிருக்கிறார்கள். உன் லீவு முப்பதாம் தேதி முடிகிறது. அதற்கப்புறம் பகல் காப்பகம், வாரம் ஒருமுறை அந்தப் பெண் வருவாள், மாதம் பத்து நாள் நீ வருவாய் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தப் பெண் ஏழாவது கேள்வியைத் திருத்தலாமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்துத் திருத்தலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது, எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். நீ வந்த அன்று நான் மாத்திரை சேர்த்து வைத்திருந்த பட்டன் டப்பாவை எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டினாய். திரும்பி வந்து, "அவ்வளவுதானா அக்கா?" என்றாய். அவ்வளவுதான் என்றேன். நீயும் தலையாட்டினாய்.

அவ்வளவு இல்லை. முன்னறை ஜன்னல் திரையின் கீழ் மடிப்பு கனமாக இருக்கிறதே என்று நீகூடத் தொட்டுப் பார்த்தாய். அதற்குள் வைத்துத் தைத்திருந்தேன், என் பங்கை மட்டும். பதின்மூன்று நாளாக அதன் கீழேதான் நீ படுத்திருக்கிறாய். ஒவ்வொரு நாளும் இன்று பிரிக்கலாம், நாளை பிரிக்கலாம் என்று இருந்தேன். இன்று மத்தியானம் நீ தூங்கும்போது தலைமாட்டில் உட்கார்ந்து, சத்தம் வராமல் தையலைப் பிரித்தேன். எல்லாவற்றையும் இந்த உறையில் போட்டு ஒட்டி, உன் கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன். வேறு எங்கும் இல்லை. இந்தத் தடவை நம்பு, ஆனால் டப்பாக்களையும் பார்த்துவிடு.

அப்பா எழுந்துவிட்டார். எட்டாம் நம்பர் வந்துவிட்டதா என்று கேட்கிறார். நான் எழுந்திருக்கப் போவதில்லை. நீ போய்ச் சொல்லு.

அக்கா